காற்று வறுத்த நூடுல்ஸ்

எங்கள் ஆபீஸ் தெருமுனையில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் ஒரு டிராகன். வரைந்த ஆர்ட்டிஸ்ட் அதற்கு முன்னால் அய்யனார் கோயில் குதிரை மட்டுமே வரைந்திருக்க வேண்டும்; முகத்தில் அதே ஜாடை. வண்டிக்காரர் பர்னரைத் திருகினால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கிளம்பும். மூன்றாவது மாடியில் இருக்கும் எங்களுக்கு ஆபீஸ் முடிந்ததற்கான மணி அதுதான்.

அந்த மணிக்கு முதல் ஆளாக எழுந்திருப்பவர் என் பக்கத்து சீட்காரர். பெயர் வேண்டாம். அவர் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். எனவே, இனிமேல் சுருக்கமாக ப.சீ.

நானும் ப.சீ.யும் அந்த வண்டிக்கு ஆறு வருஷ வாடிக்கை. வாரத்தில் நாலு நாள். ஒரு எக் நூடுல்ஸ், ஒரு கோபி மஞ்சூரியன், ஆளுக்குப் பாதி. ஆபீஸ் அரசியல் முழுவதையும் அந்த வாழையிலைத் துண்டின் மேல்தான் பேசித் தீர்ப்போம். பிறகு வீட்டுக்குப் போய் ஒன்றும் தெரியாத மாதிரி ராத்திரிச் சாப்பாட்டுக்கும் உட்காருவோம். "என்னங்க, ரெண்டு தோசையோட எழுந்துட்டீங்க?" என்று கேட்டால், "ஆபீஸ்ல ஒரே டென்ஷன்" என்று பதில். டென்ஷனுக்கு வெங்காயத்தாள் வாசனை அடிக்கும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று ஆறு வருஷமாக நம்பினோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ப.சீ. சீட்டில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக் கொண்டிருந்தார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லை. வாயு. ராத்திரி மஞ்சூரியன் சரியா ஜீரணமாகலை போலிருக்கு."

சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். ஏப்பம் வந்தது. "பார்த்தீரா, வாயுதான்" என்றார். பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்து விட்டது. ஏ.சி. பதினெட்டில் ஓடிக் கொண்டிருக்கும் அறையில் ஒரு மனிதருக்கு அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு பெண் இருக்கிறார். சின்ன வயசு, அதிகம் பேச மாட்டார். அவர்தான் எங்கள் யாரையும் கேட்காமல் 108க்குப் போன் செய்தார்.

ப.சீ.க்கு வயது 39. ஒரு ரத்தக்குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து விட்டார். சோடா வாங்கிக் கொடுத்த பத்து நிமிஷத்தைப் பற்றி நான் இன்னும் அவரிடம் பேசவில்லை. நெஞ்சு அழுத்தம், தோள், கை, தாடை என்று பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இதெல்லாம் சேர்ந்து வந்தால் அதற்கு வாயு என்று பெயர் வைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரி போதும்.

*

இதற்குப் பிறகு எங்கள் செக்ஷனில் ஒரு பயம் பரவியது. எல்லோரும் ரத்தம் கொடுக்கக் கிளம்பினோம். தானம் இல்லை, டெஸ்ட்.

என் ரிசல்ட்டில் ட்ரைகிளிசரைடு 262. அது 150க்குள் இருக்க வேண்டுமாம். ரத்த அழுத்தம் 148க்கு 94. எனக்கு வயது 36. டாக்டர் பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ணெய்ப் பலகாரம் நிறைய சாப்பிடுவீங்களா?"

"சேச்சே, வடை பஜ்ஜி எல்லாம் தொடறதே இல்லை டாக்டர். சாயங்காலம் கொஞ்சம் நூடுல்ஸ், அவ்வளவுதான்."

"அதை எதுல செய்யறாங்க?"

"வாணலியில்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் கேட்டது ஒரே கேள்வி: "நூடுல்ஸை மொத்தமா விட்டுடணுமா டாக்டர்?"

"மொத்தமா விடறேன்னு சொல்றவங்க மூணாவது வாரம் திரும்பப் போயிடறாங்க. எப்பவாவது ஒரு நாள், வீட்ல செஞ்சு சாப்பிடுங்க. என்ன போடறோம்னு உங்களுக்கே தெரியும்."

அன்றைக்கு ராத்திரி செல்போனில் ஏர் ஃப்ரையர் விளம்பரம் வந்தது. டாக்டரிடம் நான் பேசியதைப் போன் ஒட்டுக் கேட்டதா என்று தெரியாது. 'எண்ணெய் இல்லாமல் பொரியல், வறுவல், சிப்ஸ்.' ஆறு தவணை. என் ரத்த நாளங்களை ஆறு தவணையில் மீட்டு விடலாம் என்று தோன்றியது. பட்டனை அழுத்தினேன்.

*

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பிரித்தால், ராட்சசன் போட்டுக் கொள்ளும் ஹெல்மெட் மாதிரி ஒரு சாமான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சுற்றி வந்து பார்த்தாள்.

"இது என்னடா?"

"காத்துலயே வறுக்கும்மா. எண்ணெய் வேண்டாம்."

"வத்தல் கூட மொட்டை மாடியில காத்துலதான் காயறது. அதுக்கு எத்தனை தவணை கட்டினோம்?"

முதல் பிரச்னை பிளக்கில் வந்தது. இந்த மிஷின் 1500 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் சின்ன பிளக்கின் தகுதி ஆறு ஆம்பியர்தான். அதில் சொருகினால் ஒரு நாள் நூடுல்ஸோடு பிளக்கும் வறுபடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. பெரிய பிளக் எங்கள் வாடகை வீட்டில் மொத்தம் இரண்டு. ஒன்று கீஸருக்காகக் குளியலறையில். இன்னொன்று ஏ.சி.க்காகப் படுக்கையறையில். ஆக, எங்கள் வீட்டின் முதல் ஏர் ஃப்ரையர் நூடுல்ஸ் படுக்கையறையில், பீரோவுக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் தயாரானது.

தயாரானது என்று சொல்வது பெருந்தன்மை. பாக்கெட்டைப் பிரித்து, நூடுல்ஸை அப்படியே கூடையில் போட்டு, மேலே இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, 180 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்தேன். 'டிங்' என்றது. திறந்தால் ஊதுவத்திக் கட்டு. மனைவி ஒரு குச்சியை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். "சத்தம் நல்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் இரண்டாவது முயற்சி. இந்த முறை வேக வைத்து விட்டேன். வேக வைத்த நூடுல்ஸ், பொடிப்பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பூண்டு எல்லாவற்றையும் கூடையில் கொட்டினேன். பாதி நூடுல்ஸ் கூடையின் ஓட்டை வழியாக இடியாப்பம் மாதிரி கீழே இறங்கியது. மேலே இருந்தது முறுக்கானது. முட்டைக்கோஸ் விசிறிக் காற்றில் பறந்து போய் மேலே இருந்த கம்பியில் ஒட்டிக் கொண்டு புகைந்தது. பூண்டு கரியானது. படுக்கையறை முழுக்க ஹோமம் நடந்த வாசனை. அன்றைக்குத் தலையணை உறை மாற்றிய பிறகுதான் தூங்க முடிந்தது.

"வண்டிக்காரர் எவ்வளவு நேரத்துல போடுவார்?" என்று கேட்டாள் மனைவி.

"மூணு நிமிஷம்."

"கரெக்டா சொல்றீங்களே" என்றாள். ஆறு வருஷ ரகசியம் ஒரு வினாடியில் போனது. "எனக்கு முதல் வருஷமே தெரியும். சட்டைப் பாக்கெட்ல வெங்காயத்தாள் இருக்கும். துவைக்கறது நான்தானே?" ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றாள். இதற்கு வக்கீல்களிடம் கூடப் பதில் இருக்காது.

*

பிறகுதான் உட்கார்ந்து, இந்த மிஷின் என்னதான் செய்கிறது என்று படித்தேன். வாங்குவதற்கு முன்னால் படிக்கும் பழக்கம் நம் பரம்பரையில் கிடையாது.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் வறுவல் இருக்கிறதே தவிர, மிஷினில் கிடையாது. மேலே ஒரு கம்பிச் சுருள் சூடாகிறது. அதோடு ஒரு விசிறி, அந்தச் சூட்டைச் சின்ன இடத்துக்குள் வேகமாகச் சுழற்றி அடிக்கிறது. ஆக, இது ஒரு குட்டி அவன். 2010ல் பெர்லின் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் கம்பெனி இதை அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயர்தான் இதன் பாதி வெற்றி. 'விசிறி வைத்த குட்டி அவன்' என்று சொல்லியிருந்தால் நான் தவணை கட்டியிருக்க மாட்டேன்.

இது செய்யும் முக்கியமான வேலை, ஈரத்தை விரட்டுவது. சாமானின் மேல்பரப்பு காய்ந்து, சூடு 140 டிகிரியைத் தாண்டும்போது, அதிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் கூட்டணி வைத்துக் கொண்டு பழுப்பு நிறத்தையும் அந்த மணத்தையும் தருகின்றன. 1912ல் இதை விவரித்த மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். தோசை ஓரம் முறுகுவதும் அதே சங்கதிதான். அவருக்கு முன்னால் நம் பாட்டிகள் கண்டுபிடித்து விட்டார்கள்; பேப்பரில் எழுதவில்லை.

இப்போது நூடுல்ஸுக்கு வாருங்கள். காய்ந்த நூடுல்ஸ் வேக வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். மிஷினோ இருக்கிற தண்ணீரையும் பிடுங்குகிறது. இரண்டும் எதிரெதிர்க் கட்சி. நான் இரண்டு நாளாக நடத்தியது அந்தக் கட்சிகளின் பொதுக்கூட்டம். நூடுல்ஸை அடுப்பில்தான் வேக வைக்க வேண்டும். மிஷினுக்கு உரியது காய்கறி வறுப்பதும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சூடு காட்டுவதும்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. இரண்டு நிமிஷ ரக உடனடி நூடுல்ஸ் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் பொரிக்கப்பட்டு வருவது. 1958ல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ கண்டுபிடித்த வழி அது. எண்ணெயில் பொரித்தால் தண்ணீர் வெளியேறி நூல் முழுக்கப் பொடி ஓட்டைகள் விழும். பின்னால் வெந்நீர் ஊற்றினால் அந்த ஓட்டை வழியாகச் சட்டென்று உள்ளே போய் விடும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் எண்ணெயும் அதிலேயே குடியிருக்கிறது. அதை வாங்கி வந்து 'எண்ணெய் இல்லாமல்' காற்றில் வறுக்கிறேன் என்பது, கல்யாணச் சாப்பாடு முடித்து விட்டு ராத்திரிக்கு விரதம் இருப்பது போல. வாங்க வேண்டியது 'ஹக்கா நூடுல்ஸ்' என்று விற்கும், பொரிக்காமல் உலர்த்திய ரகம். பாக்கெட்டின் பின்பக்கம் கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள். பொரித்ததில் நூறு கிராமுக்குப் பதினைந்து கிராம் போல இருக்கும். உலர்த்தியதில் ஒன்றிரண்டோடு நிற்கும்.

சிறுதானிய நூடுல்ஸ் என்று வருவதையும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். அதிகம் இருப்பதை முதலில் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் தினைக்கதிர் படமும், பின்பக்கம் முதல் பெயராகக் கோதுமை மாவும் உள்ள பாக்கெட்டுகள் உண்டு. ஆனால் தினை நூடுல்ஸ் என்பது புது யோசனை இல்லை. சீனாவின் லாஜியா என்ற இடத்தில் மண்ணுக்கடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்தில் சுமார் 4,000 வருஷப் பழைய நூடுல்ஸ் கிடைத்ததாக 2005ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். தினை வகைத் தானியங்களில் செய்தது என்றார்கள். நாலாயிரம் வருஷமாக ஒருத்தர் சாப்பிடாமல் விட்டுப் போயிருக்கிறார். அவருக்கு என்ன அவசரமோ.

*

நம்மூர் வண்டியில் கிடைப்பது அந்தச் சீனச் சமாசாரமே இல்லை, தெரியுமோ? 18ம் நூற்றாண்டின் கடைசியில் டோங் ஆச்சூ என்ற சீன வியாபாரி கல்கத்தா பக்கத்தில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊருக்கே இன்றும் அச்சிப்பூர் என்று பெயர். அவருக்குப் பின்னால் வந்து குடியேறியவர்களில் ஹக்கா சீனர்கள் நிறைய பேர். டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள், ஹோட்டலும் வைத்தார்கள். பச்சை மிளகாயும் நம்ம ஊர்க் காரமும் சீன வாணலிக்குள் விழுந்தது அங்கேதான். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975ல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் வேலை பார்த்தபோது சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்தார் என்பது அவரே சொன்ன வரலாறு. மஞ்சூரியாக்காரர்களிடம் கோபி மஞ்சூரியனைக் காட்டினால் முறைப்பார்கள்.

அஜினமோட்டோ பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் செக்ஷனில் ப.சீ.யின் மாரடைப்புக்கு முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டினார்கள். 1908ல் ஜப்பானியப் பேராசிரியர் இகேடா கடல்பாசியிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது. 1968ல் ஓர் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்தில், சீன ஹோட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப் போகிறது, காரணம் இதுவா, அதுவா என்று ஒரு டாக்டர் கேட்டிருந்தார். கேள்வி கேட்டவர் கேள்வியாகத்தான் கேட்டார். உலகம் தீர்ப்பாக எடுத்துக் கொண்டது. அளவோடு போட்டால் ஆபத்தில்லை என்பதுதான் அப்புறம் நடந்த சோதனைகளின் முடிவு. அதில் இருக்கும் சோடியம், சாப்பாட்டு உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

உண்மையான ஆசாமி சாதுவாகப் பக்கத்தில் நிற்கிறார்: சோயா சாஸ். ஒரு டேபிள் ஸ்பூனில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள், நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வண்டியில் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுச் 'சர்ர்' என்று ஒரு சுற்று வரும் பாருங்கள், அந்தச் சுற்றுக்கு அளவு கிடையாது. மேலே தனியாக உப்பு வேறு.

*

மூன்றாவது முயற்சிக்கு வீட்டில் கூட்டணி அரசு அமைந்தது. அடுப்பு மனைவி, நறுக்கல் அம்மா, மிஷின் நான். இரண்டு பேருக்கு வேண்டியதைச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக் கொள்ளலாம்.

நூடுல்ஸ் 100 கிராம். போதாது என்று தோன்றும். இருக்கட்டும். காய்கறி 400 கிராம்: முட்டைக்கோஸ், காரட், குடமிளகாய், பீன்ஸ். பொடியாக நறுக்காதீர்கள், பறக்கும். விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் கையால் பிசறினால் பளபளவென்று ஆகும். எண்ணெய் இல்லாமலே போட்டால் காய் வறுபடாது, வதங்கிச் சுருங்கும். முழுக்க எண்ணெயே வேண்டாம் என்பது விளம்பரக்காரர்கள் ஆசை.

மிஷினை மூன்று நிமிஷம் வெறுமனே சூடாக்கி, காயைப் போட்டு 190 டிகிரியில் எட்டு நிமிஷம். நாலாவது நிமிஷத்தில் கூடையை இழுத்து ஒரு குலுக்கு. நசுக்கிய பூண்டு ஆறு பல், இஞ்சி கொஞ்சம்; இவை கடைசி இரண்டு நிமிஷத்துக்குத்தான் உள்ளே போக வேண்டும். முதலிலேயே போட்டால் என் ஹோமம்.

அந்த நேரத்தில் அடுப்பில் நூடுல்ஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே இறக்கி, வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே பத்து நிமிஷம். ஈரம் போகாவிட்டால் களி. பிறகு ஒன்றரை டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி, கூடைக்குள் அடங்கும் கேக் தட்டில் வைத்து 180 டிகிரியில் ஐந்து நிமிஷம். நடுவில் ஒரு தடவை கிளறுங்கள். தட்டு முக்கியம். தட்டில்லாவிட்டால் இடியாப்பம்.

சாஸ்: சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், ஊற வைத்து அரைத்த காய்ந்த மிளகாய் நாலு, மிளகுத் தூள். சில்லி சாஸ் பாட்டில் வேண்டாம், அதிலும் உப்பும் சர்க்கரையும் உண்டு. தனி உப்பு வேண்டவே வேண்டாம். காயையும் நூடுல்ஸையும் சேர்த்து, சாஸ் ஊற்றிப் புரட்டி, கடைசியாக இரண்டு நிமிஷம். மேலே வெங்காயத்தாள். முட்டை வேண்டுமென்றால் இரண்டு முட்டையைத் தோசைக்கல்லில் ஆம்லெட் போட்டு, ரிப்பனாக நறுக்கிச் சேருங்கள். சைவர்கள் பனீர் துண்டுகளைக் காயோடு வறுக்கலாம். கரண்ட் செலவு சுமார் அரை யூனிட்.

கணக்கு இது: மூன்று டீஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, ஆளுக்கு 60. வண்டியில் ஒரு பிளேட்டுக்கு மூன்று டேபிள் ஸ்பூன் விழுகிறது என்று வைத்தாலே 360. மிச்சம் அங்கேதான். ஆனால் உண்மையைச் சொல்லி விடுகிறேன்: மைதா காற்றில் போனாலும் மைதாதான். பலன் பாதி மிஷினால், பாதி அந்த 400 கிராம் காய்கறியால். மிஷின் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். இரும்பு வாணலியை நன்றாகக் காய வைத்து, அதே மூன்று டீஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக வதக்கினால் இதே பலன். இதைத் தவணை கட்ட ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள்.

சுவை? வண்டிச் சுவை வராது. பெரிய நெருப்பில் சிவக்கக் காய்ந்த வாணலி கொடுக்கும் அந்தப் புகை மணத்துக்குக் கான்டனீஸ் பாஷையில் 'வொக் ஹே' என்று பெயர், வாணலியின் மூச்சு. பீரோ பக்கத்தில் ஸ்டூல் மேல் அது கிடைக்காது. கிடைத்தது வேறு ஒன்று. நன்றாகவே இருந்தது. அம்மா இரண்டாவது தடவை போட்டுக் கொண்டாள். "சேமியா உப்புமா நன்னா வந்திருக்கு" என்றாள்.

*

ப.சீ. ஒன்றரை மாசம் கழித்து ஆபீஸ் வந்தார். எட்டு கிலோ குறைந்திருந்தார். சட்டை பெரிதாகத் தெரிந்தது. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒருத்தர் அவர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொண்டு வந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆறு மணிக்குக் கீழே 'புஸ்ஸ்' என்றது. பழக்க தோஷத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினோம். பிறகு இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவர் முதலில் உட்கார்ந்தார்.

"நீர் போய்ட்டு வாரும்யா" என்றார்.

நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஏற்கெனவே அவர் மனைவிக்குப் போன் செய்து, என்ன போட்டிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். அவருக்கென்று சாஸ் இன்னும் பாதி.

ப.சீ. கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார்.

"யோவ்."

"என்ன?"

"மோசமா இருக்கு."

"தெரியும்."

"நாளைக்கும் கொண்டு வாரும்" என்றார். தலை குனிந்தபடியே சாப்பிட்டார். மூக்கை உறிஞ்சினார். மிளகாய் கொஞ்சம் அதிகம்தான்.

டாக்டர் எப்போதாவது என்று சொன்னதால் தினமும் கிடையாது, வெள்ளிக்கிழமை மட்டும் என்று ஒப்பந்தம். மற்ற நாளில் சுண்டல், கொய்யாப்பழம். அரசியல் மட்டும் பழைய அளவுதான்; அதற்கு யாரும் டயட் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் பார்த்துக் கொண்டே நடந்தோம். வண்டிக்காரர் விடவில்லை. பர்னரைச் சின்னதாக்கி விட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, கேள்விப்பட்டேண்ணே. உடம்பு எப்படி இருக்கு?" ப.சீ.யின் கையைப் பிடித்துக் கொண்டார். "நான் போட்டதுனாலதானாண்ணே?"

ப.சீ. பதறிப் போனார். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லைப்பா. எங்க அப்பாவுக்கும் இருந்தது. சிகரெட் வேற. நீ என்ன பண்ணுவே?"

"எண்ணெய் கம்மியா, சாஸ் கம்மியா, கோஸ் நிறைய போட்டுக் குடுன்னு சொல்லியிருந்தா போட்டுக் குடுத்திருப்பேனேண்ணே. எனக்கும் செலவு மிச்சம்தானே? ஆறு வருஷமா நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலையே. 'எக்ஸ்ட்ரா சாஸ்'னுதானே கேப்பீங்க?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு மிஷினுக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி.